எண்ணாகும் குரல்

நுழையும்முன்

எழுத்தின் ஒலி நீளும் காலத்தை மாத்திரை எனப் பெயரிட்டு அளந்தவர்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் அவர்களுக்கு அளவுகோல்களாயின. இன்று நம் கையிலுள்ள அலைபேசி ஒரு நொடியைப் பல்லாயிரம் கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றிலும் ஒலியின் அளவை எண்ணாக எழுதிக்கொள்கிறது. அவ்வெண்கள் எவ்வெவ்வகையில் எழுதப்படுகின்றன? எழுதப்பட்டவை எவ்வாறு மீண்டும் குரலாகின்றன? அவ்வழியில் நாம் இழப்பது எது, காக்க வேண்டுவது எது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடம்.

ஒரு பாட்டு, மூன்று கோப்புகள்

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகே, பூவிருந்தவல்லி ஒன்றியத்தில் அமைந்த ஊர் குத்தம்பாக்கம். சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலை இப்பகுதியின் முகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. வயல்கள் மனைகளாகின்றன, புறநகர்ப் பேருந்து முனையம் ஒன்றும் இங்கு எழுந்துள்ளது. இவ்வூரில் ஒரு மாணவி தன் பாட்டி பாடும் நடவுப் பாட்டைப் பதிவு செய்கிறாள் எனக் கொள்வோம். பாட்டிக்கு வயது எண்பது. அப்பாட்டை முழுமையாக அறிந்தவர் அவர் ஒருவரே.

மாணவி மூன்று நிமிடப் பாட்டை மூன்று வகையாகச் சேமிக்கிறாள். முதற்கோப்பு ‘வேவ்’ வடிவில் உள்ளது. அதன் அளவு ஏறத்தாழ 32 மெகாபைட். இரண்டாவது ‘எம்பி3’ வடிவம். அளவு ஏறத்தாழ 2.9 மெகாபைட். மூன்றாவது பழைய பொத்தான் அலைபேசிகளில் வழங்கிய ‘ஏஎம்ஆர்’ வடிவம். அது ஒரு மெகாபைட்டில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. மூன்றையும் இயக்கினால் மூன்றிலும் பாட்டு கேட்கிறது. அவ்வாறாயின் பெரிய கோப்பை அழித்துவிட்டு, சிறியதை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? நினைவகத்தில் இடம் மிஞ்சுமே எனத் தோன்றும். அவ்வாறு செய்யலாமா என்பதை முடிவு செய்யும் முன், ஒலி எண்ணாகும் முறையை அறிதல் வேண்டும்.

புள்ளியும் கோலமும்

ஒலி என்பது காற்றில் எழும் அழுத்த அலை. ஒலிவாங்கி அதனை மின்னலையாக மாற்றுகிறது. இம்மின்னலை இடையறாது ஏறி இறங்கும் ஒரு கோடு. கணினியோ எண்களை மட்டுமே அறியும். எனவே அக்கோட்டின் உயரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து, எண்களின் வரிசையாக எழுத வேண்டியுள்ளது. இதனை மாதிரியெடுத்தல் என்பர். ஒரு நொடியில் எத்தனை முறை அளக்கிறோம் என்பது மாதிரி வீதம் எனப்படும்.

மார்கழி வாசலில் இடப்படும் புள்ளிக் கோலத்தை இங்கு நினைவுகூரலாம். முதலில் புள்ளிகள் வைக்கப்படுகின்றன; பின்னர் அவற்றை ஒட்டி வளைகோடு இழுக்கப்படுகிறது. புள்ளிகள் போதிய நெருக்கத்தில் இருந்தால் கோடு பிறழாது. ஒலிக்கும் இவ்விதி பொருந்தும். ஓர் ஒலியிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்கிற்கும் மேலான வீதத்தில் அளந்தால், அவ்வொலியை அப்புள்ளிகளிலிருந்தே முழுமையாக மீட்டெடுக்கலாம். ஹாரி நைக்விஸ்ட் 1928 இல் இதற்கு அடித்தளமிட்டார். கிளாடு ஷானன் 1949 இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைத் தேற்றமாக நிறுவினார்.

மனிதச் செவி உணரும் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஆகவே நொடிக்கு 40,000 முறைக்கு மேல் அளத்தல் வேண்டும். 1982 இல் விற்பனைக்கு வந்த குறுவட்டு 44,100 என்னும் வீதத்தைக் கொண்டது. தொலைபேசியோ நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்தது. அதனால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிக்கூறுகள் அதில் இடம்பெற இயலாது. உரசி எழும் சகர ஒலியின் வலிமை பெரிதும் அவ்வெல்லைக்கு மேலேதான் உள்ளது. தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது எழுத்தெழுத்தாக விளக்க நேர்வதன் காரணம் இதுவே.

அளவின் நுட்பம்

எத்தனை முறை அளக்கிறோம் என்பதோடு, எவ்வளவு நுட்பமாக அளக்கிறோம் என்பதும் முதன்மையானது. ஒவ்வோர் அளவையும் எழுதுவதற்கு 8 பிட் ஒதுக்கினால் 256 படிநிலைகள் கிடைக்கும். 16 பிட் ஒதுக்கினால் 65,536 படிநிலைகள் கிடைக்கும். 24 பிட் எனில் அவை 1,67,77,216 ஆகும். அளவு எந்தப் படிநிலைக்கு அருகில் உள்ளதோ அதற்கு முழுமையாக்கப்படுகிறது. அம்முழுமையாக்கத்தில் நேரும் சிறு பிழை, மெல்லிய இரைச்சலாக ஒலியில் கலக்கிறது. பிட் ஒன்று கூடுந்தோறும் இவ்விரைச்சல் ஏறத்தாழ 6 டெசிபெல் தாழும். தாலாட்டின் முடிவில் மெல்லத் தேயும் குரலைக் காப்பது இந்நுட்பமே.

இவ்வாறு அளந்த எண்களை அப்படியே வரிசையாக எழுதும் முறை ‘பிசிஎம்’ எனப்படும். 1930களின் பிற்பகுதியில் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் இதனைக் கண்டறிந்தார். குறுவட்டில் இரு ஒலித்தடங்கள் உண்டு. நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரு தடங்கள் எனப் பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட் என்னும் அளவு வரும். நம் மாணவியின் வேவ் கோப்பு 32 மெகாபைட் ஆனது இக்கணக்கினால்தான்.

மூலமும் பொழிப்பும்

இவ்வளவு எண்களைச் சேமிக்கவும் அனுப்பவும் இடமும் காலமும் செலவாகின்றன. எனவே அவற்றைச் சுருக்கி எழுதும் முறைகள் தோன்றின. அவற்றைக் குறியாக்க வடிவங்கள் என்கிறோம். அவை இருவகைப்படும்.

முதல்வகை இழப்பற்ற சுருக்கம். ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப எழுதாமல் சுருக்கமாகக் குறிப்பது இதன் இயல்பு. அடுத்து வரும் எண் எதுவாக இருக்கும் என முன்னெண்களைக் கொண்டு கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதிவைக்கும். விரிக்கும்போது ஓர் எண்ணும் பிசகாமல் மூலம் திரும்பக் கிடைக்கும். 2001 இல் வெளிவந்த ‘ஃபிளாக்’ இவ்வகையில் பரவலாக வழங்குவது. இசைப்பதிவுகள் இம்முறையில் பெரும்பாலும் பாதியளவாகச் சுருங்குகின்றன.

இரண்டாவது வகை இழப்புடைய சுருக்கம். இது செவியின் இயல்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. திருவிழாவில் பறை முழங்கும்போது அருகிலிருப்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லை. வலிய ஒலி தன்னை ஒத்த அதிர்வெண்ணுடைய மெல்லிய ஒலியை மறைத்துவிடுகிறது. மறைபடும் ஒலியை எழுதிவைப்பானேன் என்பதே எம்பி3 போன்ற வடிவங்களின் அடிப்படைக் கருத்து. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் இதனை உருவாக்குவதில் பெரும்பங்காற்றினர். 1993 இல் இது பன்னாட்டுத் தரமாக வெளியிடப்பட்டது. நொடிக்கு 1,28,000 பிட் என்னும் வீதத்தில் எழுதப்பட்ட எம்பி3, குறுவட்டின் அளவில் பதினொன்றில் ஒரு பங்கே இருக்கும். 1997 இல் வந்த ‘ஏஏசி’, 2012 இல் தரப்படுத்தப்பட்ட ‘ஓபஸ்’ ஆகியன இவ்வகையின் பிற்கால வளர்ச்சிகள். வாட்ஸ்அப் குரற்செய்திகளில் வழங்குவது ஓபஸ்.

ஏஎம்ஆர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அது பேச்சுக்கென்றே அமைந்தது. குரல்வளையின் அதிர்வையும் வாயறையின் வடிவத்தையும் ஒரு மாதிரியுருவாகக் கொண்டு, அதன் மாற்றங்களை மட்டும் எழுதுகிறது. நொடிக்கு 4,750 முதல் 12,200 பிட் வரையே இதற்குப் போதும். உரையாடலுக்கு இது சிறந்த ஏற்பாடு. ஆயின் பாட்டுக்கும் தாளத்திற்கும் கைவளையின் ஓசைக்கும் இதில் உரிய இடமில்லை.

இலக்கியம் பயில்வோர்க்கு இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கலாம். வேவ் என்பது மூலபாடம். ஃபிளாக் என்பது அதே மூலத்தை நெருக்கி எழுதிய படி. எம்பி3 என்பது பொழிப்புரை. மூலத்திலிருந்து பொழிப்பை எழுதலாம். பொழிப்பைக் கொண்டு மூலத்தை மீண்டும் எழுத இயலாது. எம்பி3 கோப்பை வேவ் ஆக மாற்றினால் அளவு பெருகும். இழந்த ஒலி திரும்பாது.

படியும் உழக்கும்

எழுதிய எண்கள் மீண்டும் ஒலியாக வேண்டும். இப்பணியைச் செய்யும் சில்லு, எண்–ஒலி மாற்றி எனத்தக்கது. ‘டிஏசி’ எனச் சுருக்கமாக வழங்கும். ஒவ்வோர் அலைபேசியிலும் கணினியிலும் இஃது உண்டு.

இதன் பணியை நம் பழைய முகத்தலளவை கொண்டு விளங்கிக்கொள்ளலாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஒவ்வோர் அளவும் முன்னதன் இரு மடங்கு. இந்நான்கு கலன்களில் ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்துவது அல்லது விட்டுவிடுவது என்ற விதியைக் கொண்டே, ஓர் ஆழாக்கு முதல் பதினைந்து ஆழாக்கு வரை எந்த அளவு நெல்லையும் அளந்துவிடலாம். பதினோர் ஆழாக்கு வேண்டுமெனில் ஒரு படி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு போதும், உரி வேண்டா. இதனையே கணினி 1011 என எழுதும். ஒன்று எனில் அக்கலன் உண்டு. சுழி எனில் இல்லை. மாற்றிச் சில்லின் ஒரு வகை இவ்வாறே இயங்குகிறது. ஒன்றுக்கொன்று இரு மடங்கான மின்னோட்டங்களை, எண்ணிலுள்ள ஒன்றுகளுக்கேற்பக் கூட்டி, அலையின் உயரத்தை உண்டாக்குகிறது.

இன்று பெருவழக்காயுள்ள மற்றொரு வகை வேறு வழியில் செல்கிறது. ஒரே ஒரு குழாயை மிக விரைவாகத் திறந்து மூடினால், திறந்திருந்த நேரத்தின் விகிதத்திற்கேற்பத் தொட்டி நிரம்பும் அன்றோ? அதுபோலச் சில படிநிலைகளை மட்டும் கொண்டு, நொடிக்குப் பல இலட்சம் முறை ஏற்றி இறக்கி, அவற்றின் சராசரியாக அலையை அமைக்கிறது. 1999 இல் அறிமுகமான ‘டிஎஸ்டி’ என்னும் பதிவு வடிவம் இக்கருத்தையே சேமிப்பு முறையாகவும் கொண்டது. அதில் மாதிரிக்கு ஒரு பிட் மட்டுமே. ஆயின் நொடிக்கு 28,22,400 மாதிரிகள்.

இறுதியில் ஒரு வடிப்பான் புள்ளிகளுக்கிடையே வழுவழுப்பான வளைகோட்டை வரைகிறது. எண்ணிம ஒலி படிக்கட்டுப் போன்று துண்டுதுண்டாக வெளிவரும் எனச் சிலர் எண்ணுவது பொருந்தாது. புள்ளிகள் மறைந்து கோலம் மட்டுமே செவியை அடைகிறது.

மாற்றி எதை அறியும்?

இங்கு ஓர் உண்மையை அழுத்தமாகக் கூற வேண்டும். மாற்றிச் சில்லுக்கு எம்பி3 என்பதும் ஓபஸ் என்பதும் பொதுவாகத் தெரியாது. அது அறிந்தவை பிசிஎம் எண்களே. சில சில்லுகள் டிஎஸ்டியையும் ஏற்கும். பிற வடிவங்களை எல்லாம் எண்வரிசையாக விரித்துத் தருவது குறிவிலக்கி என்னும் மென்பொருளின் வேலை. கோப்பு ஒலியாகும் வரையுள்ள படிகள் பின்வருமாறு அமைகின்றன.

முதலில் இயக்கி மென்பொருள் கோப்பைத் திறந்து, அதன் தலைப்பிலுள்ள அடையாளக் குறிப்பைப் படிக்கிறது. அதில் குறியாக்க வடிவம், மாதிரி வீதம், தடங்களின் எண்ணிக்கை போன்றவை கூறப்பட்டிருக்கும். கோப்பின் பெயரீறு வேறு, உள்ளடக்கம் வேறு என்பதை இங்கு உணரலாம். பெயரீற்றை மட்டும் மாற்றி எழுதுவதால் வடிவம் மாறாது. புட்டியின் மேலுள்ள சீட்டை மாற்றினால் எண்ணெய் நெய்யாகுமா?

அடுத்து, வடிவத்திற்குரிய குறிவிலக்கி சுருங்கிய எண்களைப் பிசிஎம் வரிசையாக விரிக்கிறது. பின்னர் அவ்வரிசையின் மாதிரி வீதமும் சில்லின் வீதமும் ஒத்துள்ளனவா எனப் பார்க்கப்படுகிறது. கோப்பு 44,100 ஆகவும் சில்லு 48,000 ஆகவும் இருப்பின், ஒவ்வொரு 147 மாதிரிகளுக்கும் ஈடாக 160 மாதிரிகள் புதிதாகக் கணிக்கப்பட வேண்டும். இக்கணக்கைச் செய்யாமல் அப்படியே இயக்கினால் பாட்டு விரைந்து ஓடும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் உயர்ந்துவிடும். எண்பது வயதுப் பாட்டியின் குரல் இளையவர் குரல்போல் ஒலிக்கும். இவ்வாறு ஒத்திசைத்த எண்களே கடைசியில் மாற்றிச் சில்லை அடைகின்றன.

கம்பியில்லாக் காதொலிப்பான்களில் ஒரு படி கூடுதலாக உண்டு. அங்கு மாற்றிச் சில்லு காதொலிப்பானுக்குள் இருக்கிறது. அலைபேசி, விரித்த எண்களை மீண்டும் ஓர் இழப்புடைய வடிவத்தில் சுருக்கி வானலை வழியே அனுப்புகிறது. பொழிப்புரைக்கு மேலும் ஒரு பொழிப்புரை எழுதுவதை இஃது ஒக்கும்.

தெரிந்து தெளிவோம்

கணினியில் தமிழ் எழுத்துகளும் இத்தகைய குறியாக்கச் சிக்கலைக் கடந்து வந்தவையே. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியாக்கம் கொண்டிருந்த காலத்தில், ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்தது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு பொதுத்தரத்தை நோக்கிய ஒரு படியாகும். 2010 இல் தமிழக அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துருக் குறியாக்கத்தையும் தரங்களாக ஏற்றது. குறியாக்கம் அறியப்படாத கோப்பு, திறவுகோல் தொலைந்த பெட்டி.

படியெடுப்போர் கடமை

நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தனர். ஒவ்வொரு படியிலும் சிறுசிறு பிழைகள் புகுந்தன. 1887 இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் களைய எவ்வளவு பாடுபட்டார் என்பதை நாம் அறிவோம். எண்ணிமக் கோப்புக்கு அத்துன்பம் இல்லை. நூறு முறை படியெடுத்தாலும் எண்கள் மாறா. ஆயின் இவ்வரம் படியெடுத்தலுக்கே உரியது. வடிவம் மாற்றுதலுக்கு உரியதன்று. இழப்புடைய வடிவத்திலிருந்து மற்றோர் இழப்புடைய வடிவத்திற்கு மாற்றுந்தோறும் புதிய இழப்பு நேர்கிறது. ஒரு பதிவைச் செயலிக்குச் செயலி பகிர்ந்து, ஒவ்வொரு செயலியும் தன் விருப்பப்படி அதனைச் சுருக்கினால், ஐந்தாம் கையை அடையும்போது குரலின் உயிர்ப்பு பெரிதும் தேய்ந்திருக்கும்.

ஆவணக் காப்பாளர்கள் இதனை நன்கு உணர்ந்துள்ளனர். ஒலி, ஒளிப்பதிவுக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்தது 48,000 மாதிரி வீதமும் 24 பிட் நுட்பமும் கொண்ட சுருக்கப்படாத பதிவையே காப்புக்குரியதாகப் பரிந்துரைக்கிறது. 1930களில் ஏ.வி.மெய்யப்பன் தம் கூட்டாளிகளுடன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் முத்திரையில் தென்னிந்திய இசைத்தட்டுகளை வெளியிட்டது. அம்முத்திரையின் இந்தியத் தட்டுகள் பல பிற்காலத்தில் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் வழியே எண்ணிமமாக்கப்பட்டன. இலங்கைத் தமிழரின் எழுத்தாவணங்களைக் காக்க 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், வாய்மொழி வரலாறுகளையும் இன்று சேகரிக்கிறது. இசைத்தட்டு உடையும், ஒலிநாடா பூஞ்சை பிடிக்கும். அவற்றை இயக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. எனவே ஒருமுறை மாற்றும்போதே முழுமையாக மாற்றிவிட வேண்டும் என்பது அத்துறையினரின் உறுதிப்பாடு.

எதை வைத்துக்கொள்வது?

இப்போது குத்தம்பாக்கத்து மாணவியின் வினாவுக்குத் திரும்புவோம். அவள் வேவ் கோப்பை அழிக்கலாகாது. இடம் போதாதெனில் ஃபிளாக் ஆக மாற்றிச் சேமிக்கலாம். அதனை இரு வேறு இடங்களில் வைத்தல் நலம். அலைபேசி தொலைந்தாலும் பாட்டு தொலையாது. உறவினர்க்கு அனுப்பவும் பேருந்தில் கேட்கவும் எம்பி3 போதும். அதனை ஒவ்வொரு முறையும் மூலக்கோப்பிலிருந்தே உருவாக்க வேண்டும். ஏஎம்ஆர் வடிவில் மட்டுமே கிடைக்கும் பழைய பதிவை எறிந்துவிடவும் கூடாது. குறையுடையதேனும் அதுவே அக்குரலின் மூலமாக இருக்கலாம். அதனை உள்ளவாறே காத்தல் வேண்டும். பாடியவர் பெயர், ஊர், நாள், பாட்டின் சூழல் ஆகியவற்றையும் உடன் எழுதிவைத்தல் இன்றியமையாதது. பெயரற்ற குரல், முதலேடு இழந்த சுவடியைப் போன்றது.

எம்பி3 தள்ளிவிடுவது நம் செவிக்குக் கேளாத ஒலி என்றால், அதனைக் காப்பதால் என்ன பயன் என்னும் ஐயம் எழலாம். இன்று நாம் பாட்டைக் கேட்க மட்டுமே செய்கிறோம். நாளை ஒரு மொழியியலாளர் அப்பாட்டின் ஒலிகளை அளந்து, இவ்வூர்ப் பேச்சின் இயல்பை ஆராயக்கூடும். இரைச்சலை நீக்கி ஒரு சொல்லைத் தெளிவாகக் கேட்க முயலக்கூடும். பொழிப்புரையை வைத்துக்கொண்டு யாப்பை ஆராய இயலாது. நமக்கு வேண்டாதது என இன்று நாம் நீக்குவது, வருங்காலத்தார் தேடுவதாக இருக்கலாம்.

நடவு நடந்த வயல் மனையாகிவிட்டால் அங்கு அப்பாட்டு மீண்டும் எழப் போவதில்லை. அது வாழ்வதற்கு எஞ்சிய இடம் பாடியவர் நெஞ்சும் பதிந்த கோப்பும் மட்டுமே. ஒன்று நம் கட்டுப்பாட்டில் இல்லை. மற்றொன்று நம் கையில் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் இல்லத்து மூத்தோர் ஒருவர் பாடும் தாலாட்டையோ கூறும் கதையையோ சுருக்கப்படாத வடிவில் பதிவு செய்க. பாடியவர், ஊர், நாள், சூழல் ஆகிய விவரங்களை இணைத்து வகுப்பில் வழங்குக.

2. ஒரே பதிவை எம்பி3 வடிவில் மூன்று வேறு வீதங்களில் மாற்றிக் கேட்டு, எவ்வெழுத்தொலிகள் முதலில் தெளிவிழக்கின்றன எனக் குறிப்பெடுத்துக் கலந்துரையாடுக.

3. ஆழாக்கு, உழக்கு, உரி, படி ஆகிய நான்கையும் கொண்டு பதின்மூன்று ஆழாக்கு அளக்கும் முறையைக் கூறி, அதனை ஈரடி எண்ணாக எழுதுக.

4. ‘மூலமும் பொழிப்பும்’ என்னும் தலைப்பில், ஓலைச்சுவடிப் பாதுகாப்பையும் எண்ணிம ஒலிப் பாதுகாப்பையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.